கடல் இல்லாத ஊரில் மீன் சாப்பாடு: வேலூர் நாட்குறிப்பு

ஞாயிறு இரவு

வேலூருக்கு யாரும் சாப்பிடுவதற்கென்று வருவதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், வி.ஐ.டி.யில் பிள்ளையைச் சேர்க்க வருவார்கள், தங்கக்கோயிலுக்கு வருவார்கள். வந்த இடத்தில் பசிக்கும். இங்கே நல்ல சாப்பாடு மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களும், மாடு ஓட்டிவந்தவர்களும் நித்தம் சாப்பிடுகிற கடைகள் இவை. விலையை ஏற்றினால் மறுநாள் அந்தக் கூட்டம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் சாப்பிடுகிற நேரம் பார்த்து நாமும் போனால் போதும். கடைப் பெயரைவிட நேரம்தான் முக்கியம்.

நாங்களும் ஆஸ்பத்திரிக்காகத்தான் வந்திருக்கிறோம். மாமனாருக்கு முழங்கால் வலி. புதுச்சேரியில் பார்த்தாகிவிட்டது, இங்கேயும் ஒருமுறை காட்டிவிடலாம் என்று நான், அவர், மச்சான் மூவரும் கிளம்பிவந்தோம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் என்பதால் வழிகாட்டி வேலை என் தலையில். மச்சான் பிறந்து வளர்ந்தது கடற்கரையில். சாயங்காலம் ஆனால் வறுத்த மீனும் ஒரு பீரும் வேண்டும். பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் எட்டிப் பார்த்தான்.

“மாமா, ஆறு எங்க?”

“இதான்டா ஆறு.”

மணலும் முள்செடியும்தான் தெரிந்தன. 2021 நவம்பரில் இதே ஆறு கரை தெரியாமல் ஓடியது என்று சொன்னேன். நம்பியது மாதிரித் தெரியவில்லை. அடுத்த கேள்வி, “நல்ல பப் ஏதாவது இருக்கா?” அதற்குப் பதில் வியாழக்கிழமைக் குறிப்பில் சொல்கிறேன்.

பெட்டியை லாட்ஜில் போட்டுவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தள்ளுவண்டியில் ராத்திரி டிபன். இட்லி, காரச் சட்னி, முட்டை தோசை. கல்லில் தோசையை விரித்து, முட்டையை உடைத்து ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து, மேலே மிளகுத்தூள் தூவித் திருப்பிப் போட்டார். “இன்னா சார், பெரியவருக்குக் காரம் கம்மியா போட்டுடவா?” என்று அவராகவே கேட்டார். ஆஸ்பத்திரி ஊர்க்காரர்களுக்கு இது தானாக வந்துவிடும். மூன்று பேர் சாப்பிட்டு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

திங்கள்

காலையில் டோக்கன், பதிவு, காத்திருப்பு. 1900-இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் இது என்றால், இன்றைய வரிசையைப் பார்ப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். வரிசையில் பாதிக்கு மேல் தமிழ் பேசாதவர்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்திருக்கிறார்கள். பல லாட்ஜ்களில் சமைக்க இடம் உண்டு, அடுப்பும் பாத்திரமும்கூட வாடகைக்குக் கிடைக்கும். அதனால் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் மளிகைக்கடையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் இருக்கிறது. காய்கறிக்காரம்மா கால் கிலோ, அரைக்கால் கிலோ என்று சலிக்காமல் நிறுத்துக் கொடுக்கிறார், வங்காளத்தில் விலை பேசிக்கொண்டே.

மத்தியானம் வங்காளி ஹோட்டல். இந்தத் தெருக்களில் வரிசையாக இருக்கின்றன. எதற்குள் நுழைவது என்றால், வாசலில் எழுதிப்போட்டிருக்கும் பட்டியல் சின்னதாக இருக்கும் கடைக்குள் நுழையுங்கள். மீன், முட்டை, கோழி, காய்கறி என்று நாலு வரியோடு நிற்கும் கடையில் அன்றைக்குச் செய்தது அன்றைக்கே தீரும். பீட்சா முதல் மசால் தோசை வரை எழுதியிருந்தால் நடையைக் கட்டுங்கள். பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போகவேண்டும். இரண்டு மணிக்கு மேல் வால் துண்டுதான் மிஞ்சும்.

எங்கள் தட்டில் வந்ததைச் சொல்கிறேன். நடுவில் சாதம், குவியலாக. தண்ணீராகத் தெரியும் மசூர் பருப்பு. வாயில் வைத்தால்தான் அதில் தாளித்த கருஞ்சீரகம் தெரியும். நூல் மாதிரிச் சீவி மொறுமொறுவென்று பொரித்த உருளைக்கிழங்கு. ஒரு காய்கறிக் கூட்டு, எலுமிச்சைத் துண்டு, பச்சை மிளகாய். தனிக் கிண்ணத்தில் மீன் குழம்பு: உள்ளங்கை அகல ரோகு மீன் துண்டு ஒன்று, கூட ஒரு உருளைக்கிழங்கு, மேலே மஞ்சளாக மிதக்கும் கடுகெண்ணெய். புளி கிடையாது, தேங்காய் கிடையாது. நூறு ரூபாயை ஒட்டித்தான் விலை. சாதமும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுகிறார்கள்.

மச்சான் முதல் வாயில் முகத்தைச் சுளித்தான். கடல்மீன் நாக்கு, குளத்துமீன் ஒட்டாது. முள்ளும் ஜாஸ்தி. மூன்றாவது வாயில் பேச்சு நின்றது. அப்புறம் இன்னொரு கிண்ணம் வாங்கினான். மாமனாருக்குத்தான் உண்மையில் இந்தச் சாப்பாடு பொருந்தியது. காரம் இல்லை, வயிற்றில் கனக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ரோகு, கட்லா என்றால் வங்காள மீன் என்று நினைப்போம். ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றிய குளங்களில் வளர்த்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, கொல்கத்தாவுக்கே லாரி லாரியாக அனுப்புகிறார்கள். வேலூருக்கு ஆந்திரா பக்கத்து வீடு. வங்காளத்திலிருந்து இங்கே வந்து சாப்பிடுபவர் தன் ஊரைவிடக் கொஞ்சம் புதுசான மீனைச் சாப்பிடவும் வாய்ப்பு உண்டு.

கையில் காசு இன்னும் குறைவாக இருப்பவர்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. 2013-இல் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த திட்டம். ருசியைப் பற்றிப் பெரிதாகச் சொல்லமாட்டேன். ஆனால் காலை இட்லி சூடாக இருந்தது, சாம்பாரில் பருப்பும் இருந்தது.

செவ்வாய்

ரத்தம் கொடுத்தாயிற்று, எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ரிப்போர்ட் வியாழக்கிழமை. மாமனார் லாட்ஜில் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிறேன் என்றார். நானும் மச்சானும் இருட்டோடு கிளம்பிப் பொய்கை போனோம். செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கையில் மாட்டுச்சந்தை.

இதற்கு விடியற்காலையில் போனால்தான் உண்டு. வேனில் ஏற்றியும் கையில் பிடித்தும் கொண்டுவந்த கறவை மாடுகள், உழவு மாடுகள், கன்றுகள். ஆந்திரா, கர்நாடகா வியாபாரிகளும் வருகிறார்கள். விலை பேசுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாங்குபவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து அமுக்குவதுதான் விலை. வெளியே வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது. மச்சான் அதைப் போனில் படமெடுக்கப் போனான். ஒரு பெரியவர், “தம்பி, அது வாணாம்பா” என்று மட்டும் சொன்னார். எடுக்கவில்லை.

சாப்பாடு விஷயம்: சந்தை ஓரத்து டிபன் கடைகள். மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். இட்லி, பூரி, பக்கத்திலேயே கேழ்வரகுக் களி. இங்கே வேலை செய்கிறவர்களுக்குக் களிதான் தாங்கும். தட்டில் உருண்டையை வைத்து, நடுவில் குழி பண்ணி, கருவாட்டுக் குழம்பை ஊற்றினார் அந்த அக்கா. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு சின்னதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்கவேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். “கடல் இல்லைன்னியே மாமா, இதோ கடல்” என்று கருவாட்டைத் தூக்கிக் காட்டினான் மச்சான். இரண்டு களி, ஒரு ஆம்லெட், மோர், எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம். பத்து மணிக்கு மேல் போனால் அடுப்பை அணைத்துவிட்டிருப்பார்கள்.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயையும் வழியில் விற்றார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த காய் இது. காம்பிலும் அதன் தொப்பியிலும் முள், அதனால் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் கைவிடக்கூடாது. வதக்கினால் குழையும், ஆனால் கரைந்துபோகாது. லாட்ஜில் அடுப்பு இருந்ததால் ஒரு கிலோ வாங்கினேன். ராத்திரி எண்ணெய்க் கத்திரிக்காய், ரசம். மாமனார் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

புதன்

ஆம்பூர். எழுதவேண்டியது நிறைய இருக்கிறது.

வேலூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று அந்தத் திசையில் போகும் பஸ்கள் நிறைய. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது, ஆற்காடு ராணிப்பேட்டைக்கு. சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு எல்லாம் இன்னும் வடாற்காடுதான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ‘ஆம்பூர் பிரியாணி’ என்று எழுதாத கடை இல்லை. 1890-லிருந்து நடத்துவதாகச் சொல்லும் ஸ்டார் பிரியாணிதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர். குடும்பத்தோடு காரில் வருபவர்கள், கைகழுவ இடம், குழந்தைக்கு நாற்காலி என்று பார்ப்பவர்கள் அங்கே போகலாம், தப்பில்லை. கையிருப்பைப் பார்த்துச் சாப்பிடுபவர்கள் ஊருக்குள் இறங்கி பஜார் பக்கம் நடங்கள். விறகடுப்புப் புகையும், வாசலிலேயே பிரியாணி வேகும் தேக்சாவும் தெரியும் சின்னக் கடைகள் இருக்கின்றன. நாலு பெஞ்சு இருந்தால் அதிகம்.

நாங்கள் பதினொன்றேகாலுக்குப் போனோம். சரியான நேரம். தேக்சா மூடியின் மேல் கங்கு இன்னும் சாம்பல் பூத்துக் கிடந்தது. பாய் ஒரு தகட்டால் கங்கை வழித்து ஓரமாகத் தள்ளினார். ஈரத்துணியைப் பிடித்து மூடியை நம் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கமாகச் சாய்த்துத் திறந்தார். ஆவி சுவரில் போய் அடித்தது. அப்புறம் அவசரப்படவில்லை. ஒரு நிமிஷம் சும்மா நின்றார். தட்டுக்கரண்டியை நடுவில் குத்தாமல், ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, அடிவரை போய், அப்படியே மேலே கொண்டுவந்தார். அடியில் இருக்கும் கறியும் மேலே இருக்கும் வெள்ளைச் சோறும் ஒரே அள்ளலில் வந்தன. ஒரு சோறு உடையவில்லை.

சீரகச் சம்பா அரிசி. பச்சை மிளகாய்க்குப் பதில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் காரத்துக்கு. அதனால்தான் நிறம் செம்பழுப்பாக இருக்கிறது. பட்டை, லவங்கம் எல்லாம் அளவோடுதான். அரிசியைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்து, வெந்துகொண்டிருக்கும் கறி மசாலாவோடு சேர்த்து தம் போடுவார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு நெஞ்சில் ஏப்பமாக வந்து நிற்காது. மசாலா தூக்கலான பிரியாணி பழகியவர்களுக்கு முதலில் ‘என்ன இது, சப்பென்று’ என்று தோன்றலாம். தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்திரிக்காயும் வெங்காயத் தயிரும் வரும். கத்திரிக்காயை ஓரமாக ஒதுக்கிவிட்டு பிரியாணியைக் குறை சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

காசு குறைவாக இருந்தால் குஸ்கா வாங்குங்கள். அதே தேக்சாவில் அதே சோறு, கறித்துண்டு மட்டும் இருக்காது. கூட ஒரு அவித்த முட்டை வாங்கிக்கொண்டால் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நான் மட்டன், மச்சான் குஸ்காவும் சிக்கன் வறுவலும். அவன் சொன்ன கணக்கு சரிதான்: கறியின் ருசி முழுக்கச் சோற்றில் இறங்கியிருக்கிறது, கறிக்கு எதற்குத் தனியாகக் காசு?

இதைவிடவும் மலிவு பீஃப் பிரியாணி. ஷூ கம்பெனியிலும் தோல் ஷாப்பிலும் வேலை செய்யும் பலருடைய மத்தியானச் சாப்பாடு அதுதான். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்துவதாக இருந்தது. அதில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். ஊர் ஜனத்தில் ஒரு பெரிய பகுதி சாப்பிடும் பிரியாணியை வெளியே நிறுத்திவிட்டு ஆம்பூர் பிரியாணிக்கு எப்படி விழா எடுப்பது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சாப்பிடுகிறவர்கள் தைரியமாகக் கேட்டு வாங்கலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள்.

ஒரு மணிக்குப் போகாதீர்கள். கம்பெனிகளில் சாப்பாட்டு மணி அடித்துக் கூட்டம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். நாங்கள் கைகழுவிவிட்டு வரும்போது பன்னிரண்டரை. முதல் தேக்சாவின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது.

மாமனாருக்குப் பார்சல் வாங்கினேன். இலையில் கட்டி, மேலே பேப்பர். லாட்ஜுக்கு வரும்போதும் வெதுவெதுப்பு இருந்தது. “மிளகாய் இல்லாம எப்படிக் காரமா இருக்கு?” என்று கேட்டார். மிளகாய் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்றேன்.

வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும் என்றார் டாக்டர். மாமனார் முகம் தெளிந்துவிட்டது.

மத்தியானம் ஸ்ரீபுரம் தங்கக்கோயில். 2007-இல் கட்டிமுடித்த கோயில், 1,500 கிலோ தங்கம் என்கிறார்கள். நட்சத்திர வடிவப் பாதையில் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளவேண்டும். மாமனார் வாசலோடு நின்றுவிட்டார். அன்னதானம் உண்டு. சாதம், சாம்பார், பொரியல், எளிமையாக, சுத்தமாக.

சரி, பப். வேலூரில் மச்சான் நினைக்கிற மாதிரி, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டு குடிக்கிற இடம் கிடையாது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடை என்றால் டாஸ்மாக் ஒன்றுதான், மத்தியானம் 12 முதல் ராத்திரி 10 வரை. அதை விட்டால் பார் லைசென்ஸ் உள்ள ஹோட்டல்கள். அங்கே ஏ.சி.யும் நாற்காலியும் நன்றாக இருக்கும், பில்லைப் பார்த்தால் புதுச்சேரிக்காரனுக்கு நெஞ்சடைக்கும். மச்சான் ஒரு பீரோடு எழுந்துவிட்டான். வரி குறைவான ஊரிலிருந்து வருபவர்கள் இங்கே குடிப்பதற்குக் காசு செலவழிப்பது வீண் என்பதுதான் என் சிபாரிசு. அந்தக் காசுக்கு வெளியே தள்ளுவண்டியில் ஈரல் வறுவல், போட்டி (ஆட்டுக் குடல்), காடை, ஆம்லெட் என்று இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். போட்டி நன்றாக இருந்தது. மிளகு தூக்கல், கறிவேப்பிலை கருகாமல் மொறுமொறுப்பு. ஏழு மணிக்கு முதல் சட்டி இறங்கும்போது வாங்கினால்தான் இந்த ருசி. ஒன்பதுக்கு மேல் எண்ணெய் கறுத்துவிடும்.

கடற்கரைதான் வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் ஊரில் கோட்டை. சாயங்காலம் ஆனால் குடும்பம் குடும்பமாக வந்து புல்லில் உட்காருகிறார்கள். அகழியில் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் கருங்கல் மதில், காற்றும் வரும். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியும் முன்னே சிப்பாய்கள் எழுந்து வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய கோட்டை. 1857-இல் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்ததற்கு அரை நூற்றாண்டு முந்தியது. இப்போது அதன் வாசலில் மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளம், மாங்காய் பத்தை. பஜ்ஜி வாங்குங்கள். இங்கே பஜ்ஜி மிளகாயைக் கீறி உள்ளே கொஞ்சம் புளி மசாலா தடவுகிற கடை ஒன்று இருக்கிறது. எது என்று கேட்டால், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் நிற்கும் கடை. மச்சான் நாலு சாப்பிட்டான். மாமனார் ஒன்று, அதுவும் மாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு.

வெள்ளி

ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி திரும்புகிறோம். ஆற்காட்டில் இறங்கி ஒரு மணி நேரம். 1751-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு தாக்குப்பிடித்த ஊர். அந்தக் கோட்டையில் மிச்சம் என்று சொல்ல டெல்லி கேட் இருக்கிறது. ஆட்டோக்காரர் அங்கே கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். மாமனார், முதலில் பேடா என்றார்.

மக்கன் பேடா நவாப் வீட்டுப் பலகாரம் என்பார்கள். பார்க்க குலாப் ஜாமுன்தான். கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே பொடியாக நறுக்கிய முந்திரி, பாதாம், பிஸ்தா, வெள்ளரி விதை வைத்து உருட்டி, கொஞ்சம் தட்டையாக அமுக்கி, பொரித்து ஜீராவில் போடுகிறார்கள். கரண்டியால் வெட்டினால் எதிர்க்காமல் பிளக்கவேண்டும். பருப்பு மட்டும் பல்லில் தட்டுப்படவேண்டும். உள்நடுவில் மாவு வெள்ளையாகத் தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம். வாங்குவதற்கு முன் அங்கேயே ஒன்று வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். நெய்யில் பொரித்ததா, எண்ணெயா என்று கேளுங்கள்; விலை வித்தியாசப்படும், பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் ஜீராவை நன்றாக வடித்துக் கட்டித்தரச் சொல்லுங்கள். டப்பாவைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவார்கள், அது போதாது. ஒரு பிளாஸ்டிக் பையும் கேட்டு வாங்குங்கள். செய்யாறு வரை ரோடு பரவாயில்லை. அதற்கு அப்புறம் டப்பாவை மடியில் வைத்துக்கொள்வது நல்லது. மச்சான்தான் வைத்துக்கொண்டிருக்கிறான், எத்தனை மிஞ்சும் என்று வீட்டுக்குப் போய்த்தான் எண்ணவேண்டும்.